உலகைச் சிரிக்க வைத்த ரயில்வே குமாஸ்தா



முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் சுத்தியலால் சொந்தக் கட்டைவிரலை அடித்துக் கொள்ளாதவர் நம்மில் யாராவது உண்டா? அப்படி அடித்துக் கொண்டே உலகப் புகழ் பெற்ற ஒரு மாமா இருக்கிறார். பெயர் பாட்ஜர். சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான். அதற்கு வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஓட விடுவார். ஒருத்தர் ஆணிக்கு, ஒருத்தர் ஏணிக்கு, ஒருத்தர் விளக்குப் பிடிக்க! கண்ணாடி உடைந்து கையைக் கிழித்துக் கொள்வார். கோட்டைக் காணோம் என்று கத்துவார். கடைசியில் பார்த்தால் கோட்டு மேலேதான் உட்கார்ந்திருப்பார். சுவரில் போட்ட மார்க் காணாமல் போகும். ஒருவழியாக நடுராத்திரியில் படம் ஏறும், அதுவும் கோணலாக! எங்க வீட்டில் ஃபேன் மாட்டிய சித்தப்பாவைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.

இந்த மாமாவைப் படைத்தவர்தான் ஆங்கில நகைச்சுவை நாவலாசிரியர் ஜெரோம் கே. ஜெரோம். உலகத்தைச் சிரிக்க வைத்த இவருடைய இளமை சிரிப்பாக இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1859 மே 2-ஆம் தேதி இங்கிலாந்தில் வால்சால் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் பணத்தைப் போட்டார். போட்ட பணம் எல்லாம் போயிற்று. குடும்பம் லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் வாழும் இடத்துக்குக் குடி பெயர்ந்தது. பையன் சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் காலமானார். சில வருஷத்தில் தாயும் போய்ச் சேர்ந்தார். பதினாலு வயசோடு படிப்பு நின்றது. பிழைக்க வேண்டுமே! லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஓட்டினார்.

பிறகு நாடகப் பைத்தியம் பிடித்தது. ஊர் ஊராகப் போகும் கம்பெனிகளில் மூன்று வருஷம் நடித்தார். சம்பளம் சரியாக வராது. சில நாள் தங்க இடம்கூடக் கிடையாது. இருபத்தோரு வயசில் வெறுங்கையோடு திரும்பினார். வாத்தியார் வேலை, சரக்குக் கட்டும் வேலை, வக்கீல் குமாஸ்தா வேலை என்று கிடைத்ததை எல்லாம் செய்தார். கதை எழுதி அனுப்புவார், திரும்பி வரும். மறுபடி எழுதுவார். கடைசியில் அந்த நாடகக் கஷ்டத்தையே சிரிக்கச் சிரிக்க எழுதினார். 1885-ல் அது புத்தகமாக வந்தது. அடுத்த வருஷம் வந்த கட்டுரைத் தொகுப்பில் தன்னை ஒரு சோம்பேறி என்று சொல்லிக் கொண்டார். பதினாலு வயசிலிருந்து உழைத்தவர் சோம்பேறியாம்!

1888-ல் திருமணம். தேனிலவு தேம்ஸ் நதியில், ஒரு சின்னப் படகில். திரும்பி வந்ததும், நதிக்கரை ஊர்களின் சரித்திரத்தைச் சொல்லும் ஒரு பயண நூல் எழுத உட்கார்ந்தார். சரித்திரம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது! பேங்க் குமாஸ்தாவான ஜார்ஜ், அச்சுத் தொழிலில் இருந்த கார்ல் என்ற தன் இரண்டு நண்பர்களையும் படகில் ஏற்றினார். கார்லின் பெயரை ஹாரிஸ் என்று மாற்றினார். கூடவே ஒரு கற்பனை நாய். 1889-ல் வந்த 'படகில் மூன்று பேர்' இப்படித்தான் உருவானது. விற்பனை அமோகம்! அடுத்த வருஷமே தேம்ஸில் பதிவு செய்த படகுகளின் எண்ணிக்கை பாதிக்குப் பாதி கூடியது என்று சொல்வார்கள். அமெரிக்காவில் அனுமதி இல்லாமலே அச்சடித்து விற்றார்கள். அதில் அவருக்கு ஒரு காசு வரவில்லை.

ஆனால் நண்பர்களே, அறிவாளிகள் என்று சொல்லிக் கொண்டவர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. காரணம் அதன் பாஷை. ஆபீஸ் குமாஸ்தாக்களும் கடைப் பையன்களும் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். பஞ்ச் என்ற பத்திரிகை அவர் பெயரை ஆரி கே. ஆரி என்று மாற்றிக் கிண்டல் செய்தது. ஹாரி என்ற பெயரைப் படிக்காத லண்டன் ஜனங்கள் ஆரி என்பார்கள். நம்ம பக்கம் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொன்னால் சிரிக்கிறார்களே, அதே மாதிரி. கீழ்த்தட்டு ஜனங்களுக்கு அளவுக்கு மீறிப் படிப்புக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று இன்னொரு பத்திரிகை எழுதியதாம். முப்பத்தேழு வருஷம் கழித்து, 1926-ல் எழுதிய சுயசரிதையில் இதையெல்லாம் ஞாபகமாகக் குறிப்பிடுகிறார். அளவுக்கு மீறிய படிப்பா? பதினாலு வயசில் நின்று போன படிப்பு!

இந்த இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பேச்சுப் போட்டியில் நான் வாயைத் திறந்ததுமே முன் வரிசையில் சிரிப்பு. மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்து மேடையை விட்டு இறங்கி விட்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. ஜெரோமும் நிறுத்தியிருந்தால்?

அவர் நிறுத்தவில்லை. 1892-ல் ராபர்ட் பார் என்பவரோடு சேர்ந்து 'ஐட்லர்' பத்திரிகையை நடத்தினார். அடுத்த வருஷம் 'டுடே' என்ற வாரப் பத்திரிகையும் தொடங்கினார். அதில் வந்த ஒரு விஷயத்துக்காக சாம்சன் ஃபாக்ஸ் மான நஷ்ட வழக்குப் போட்டார். பாய்லருக்கு நெளிவு வைத்த ஃபர்னஸ் குழாயைக் கண்டுபிடித்தவர் இவர்தான், மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க! கோர்ட்டு விதித்த நஷ்ட ஈடு ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. ஆனால் வழக்குச் செலவு அவரவர் தலையில்! பல ஆயிரம் பவுண்டு போய், பத்திரிகைகளையும் கை விட்டார்.

மறுபடி பேனாவை எடுத்தார். அதே மூவர் ஜெர்மனியில் சைக்கிளில் சுற்றும் கதை 1900-ல் வந்தது. தன் இளமைக் கஷ்டத்தை வைத்து 1902-ல் 'பால் கெல்வர்' என்ற நாவலை எழுதினார். 1914-ல் யுத்தம் வந்தபோது வயசு ஐம்பத்தைந்து. வயசாகி விட்டது என்று இங்கிலாந்து ராணுவம் சேர்க்கவில்லை. விட்டாரா மனுஷன்? பிரெஞ்சு ராணுவத்துக்கு ஆம்புலன்ஸ் டிரைவராகப் போனார். குண்டுகளுக்கு நடுவே காயம் பட்டவர்களை ஏற்றி வந்தார்.

வறுமையோடு விட்டுப் போன வால்சால், 1927-ல் கூப்பிட்டு நகரின் மிக உயர்ந்த கௌரவத்தைக் கொடுத்தது. அதே வருஷம் ஜூன் 14-ஆம் தேதி காலமானார்.

கேலி செய்த விமர்சகர்கள் பலருடைய பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. படகு மட்டும் 1889-லிருந்து நிற்காமல் போய்க் கொண்டே இருக்கிறது. நம்ம வீட்டுப் பேச்சுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை நண்பர்களே. அடுத்த வருஷப் பேச்சுப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்து விட்டேன். நீங்களும் கொடுங்கள்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை