நட்பினால் நிலைபெற்ற தேசிங்கு

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டையைக் காண்பர். தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற அவ்வூரை இன்று யாவரும் அறிவர். அப்பெயருக்குரிய இராணி யார் என்பதை அறிந்தோர் சிலரே. அவள் செஞ்சிக் கோட்டையைப் பத்துத் திங்கள் மட்டுமே ஆண்டு, இருபத்திரண்டாம் அகவையில் போர்க்களத்தில் வீழ்ந்த ராஜா தேசிங்கின் மனைவி. அவள் நினைவாக அவ்வூரை எழுப்பியவரோ, அவள் கணவனைப் போரில் வென்ற ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பகைவனின் மனைவிக்குப் பேட்டை அமைத்த இச்செய்தியே தேசிங்கின் வரலாற்றை நாம் எவ்வாறு படிக்கவேண்டும் என்பதை உணர்த்தப் போதுமானது.

செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்து எழுந்தது. 1677-இல் அதனைக் கைப்பற்றிய சிவாஜி மேலும் வலிமையுறச் செய்தார். பின்னர் அவர் மைந்தர் இராஜாராம் அங்குத் தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார்கான் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல் கோட்டையைப் பிடித்தார். அதன் பின்னர் ஔரங்கசீப் அதன் காவலைப் புந்தேலா இராசபுத்திரரான சொரூப்சிங்கிடம் ஒப்படைத்தார். மராத்தியரிடமிருந்து பெரும்பாடுபட்டு வென்ற கோட்டையை முகலாயப் பேரரசர் ஓர் இந்துத் தலைவரிடம் நம்பி அளித்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

சொரூப்சிங்கின் மைந்தனே தேஜ்சிங். வடமொழிச் சாயல் கொண்ட அப்பெயரைத் தமிழ் மக்கள் தம் நாவிற்கு இசையத் தேசிங்கு என ஆக்கிக்கொண்டனர். 1714-இல் தந்தை மறைந்த செய்தியறிந்து புந்தேல்கண்டிலிருந்து செஞ்சிக்கு வந்த தேசிங்கு, பேரரசின் புதிய ஆணைக்குக் காத்திராமல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். தன் தந்தைக்கு ஔரங்கசீப் அளித்த உரிமை தனக்கும் உரியது என்பது அவன் வாதம். பேரரசரின் ஒப்புதலின்றிக் கோட்டை வழிவழி உரிமையாகாது என்பதும், பல ஆண்டுகளாக நின்றுபோன திறைப்பணத்தைச் செலுத்தவேண்டும் என்பதும் சாதத்துல்லாகானின் வாதம். ஔரங்கசீப் 1707-இல் மறைந்தபின் தில்லியில் அரியணைப் போட்டி மிகுந்து, மையத்தின் பிடி தளர்ந்திருந்த காலம் அது. எவருடைய ஆணை செல்லும் என்னும் ஐயமே இரு தரப்பாரையும் களத்தில் நிறுத்தியது.

தமிழ் இலக்கிய வகுப்பில் கதைப்பாடல்களை நடத்தும்போதெல்லாம் மாணவரிடமிருந்து ஒரு வினா எழுவதை நாம் கண்டுவருகிறோம். இஃது இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் நடந்த போர்தானே என்பதே அவ்வினா. வினவுவோர் முகத்தில் சில வேளைகளில் ஒரு தயக்கமும் தென்படும். அதற்கு விடை கூற நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. வழுதாவூர் மகமத்துகானின் பெயரைச் சொன்னாலே போதும்.

மகமத்துகான் தேசிங்கின் உயிர்த்தோழன். மார்க்கத்தால் முஸ்லிம். நவாபின் படை செஞ்சியை நெருங்கியபோது அவன் மணக்கோலத்தில் இருந்தான் என்றும், நண்பனின் ஓலை கண்டதும் மணப்பந்தலைத் துறந்து நீலவேணி என்னும் குதிரைமீதேறி விரைந்தான் என்றும் தேசிங்கு ராஜன் கதைப்பாடல் கூறுகிறது. நவாபின் பெரும்படைக்கு எதிரே தேசிங்கிடம் இருந்தோர் சில நூறு வீரர்களே. கோட்டைக்குள் இருந்து காலங்கடத்தும் வழியை நாடாமல், செஞ்சியாற்றுப் பகுதியில் வெளிப்போர் புரிய அவன் துணிந்தான். அத்துணிவு அறிவுடைமைதானா என்று வினவுவதற்கு நமக்கு உரிமையுண்டு. எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய மதில்கள் அவன் முதுகின் பின்னே நின்றன. இளமையின் செருக்கு அவனை அவற்றுக்கு வெளியே இட்டுச் சென்றது. 1714 அக்டோபர்த் திங்களில் நடந்த அப்போரில் மகமத்துகானும் தேசிங்கும் வீழ்ந்தனர். நவாபின் தரப்பில் நின்றோருள்ளும் இந்துக்கள் பலர் இருந்தனர். எனவே இது சமயப்போர் அன்று. உரிமைக்கும் திறைக்கும் நடந்த போர் என்று தெளிக.

தேசிங்கின் உடலுடன் அவன் மனைவி தீப்புகுந்தாள். 1830-இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்ட அக்கொடிய வழக்கத்தை நாம் ஒருபோதும் போற்றுவதற்கில்லை. ஆயினும் அவ்விளம்பெண்ணின் முடிவு வென்றவரின் நெஞ்சையும் உலுக்கியது என்பதற்கு இராணிப்பேட்டை என்னும் பெயரே சான்றாக நிற்கிறது. 1717-18-இல் சாதத்துல்லாகான் பெயரால் எழுந்த பள்ளிவாசலும், மகமத்துகான் பெயர் தாங்கிய பள்ளிவாசலும், வேங்கடரமணர் கோயிலும் ஒரே கோட்டைக்குள் இன்றும் நிற்கின்றன.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க வாழ்வு ஒன்று ஐரோப்பாவின் தென்கிழக்கே செர்பிய மக்களிடையே வழங்குகிறது. அவர்தம் இளவரசன் மார்க்கோவின் தந்தை 1371-இல் உதுமானியத் துருக்கியருடன் பொருது மடிந்தார். மார்க்கோவோ சுல்தானுக்கு அடங்கிய சிற்றரசனாகிப் பிரிலெப் நகரை ஆண்டு, 1395-இல் சுல்தான் பாயசித்தின் படையில் நின்று ரோவினேப் போரில் உயிர்நீத்தான். ஆயினும் அந்நாட்டுப் பாணர்கள் அவனையே தம் தலைசிறந்த வீரனாக்கினர். அவனுடைய புள்ளிக்குதிரையையும் பாடினர். அவன் அடங்கிநின்றவன், தேசிங்கு அடங்க மறுத்தவன். இருவரையும் மக்கள் ஒருங்கே ஏற்றனர். வேற்றுச் சமயத்து வேந்தனின் கீழ் வாழ்ந்த ஒருவனை மக்கள் அளக்கும் கோல், அவன் பணிந்தானா எதிர்த்தானா என்பதன்று. அவன் எத்தகைய மனிதனாக வாழ்ந்தான் என்பதே என்பதை இவ்விரு வாழ்வுகளும் காட்டுகின்றன.

செஞ்சியை வென்றவர்க்கும் அது நிலைக்கவில்லை. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். திறைக்கணக்குகள் மறைந்தன. 2025-இல் மராத்தியப் போர்த்தளங்களின் வரிசையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அக்கோட்டை ஏற்கப்பட்டது. உலகோர் அங்கு மதில்களைக் காண வருவர். நம் மாணவர்கள் அங்குச் செல்லும்போது மதில்களோடு மகமத்துகானையும் நினைத்தல் வேண்டும்.

வரலாற்றைப் பகையின் பட்டியலாகக் கற்பிப்போர் எக்காலத்தும் உளர். தேசிங்கின் கதையை மகமத்துகானை நீக்கிவிட்டுச் சொல்வது எளிது; அவ்வாறு சொல்லின் அது பகைக்கதையாகிவிடும். எழுத்தறியாத நாட்டுப்புறப் பாடகர்கள் அத்தவற்றைச் செய்யவில்லை. அவர்கள் இருவரையும் பிரிக்காமல் பாடினர். பட்டம் பெற்ற நாம் அவர்களினும் குறைந்தோராக ஆகிவிடலாகாது. ஆசிரியர் வகுப்பறையிலும், சமுதாயப் பெரியோர் தம் இல்லங்களிலும் இக்கதையை முழுமையாகச் சொல்வாராக. அடுத்தமுறை இராணிப்பேட்டையைக் கடக்கும் நம் மாணவச் செல்வங்கள், அப்பெயர்ப்பலகையைக் கண்டு ஒரு கணமேனும் அவ்விரு நண்பர்களை எண்ணுவார்களாயின் அதுவே இக்கட்டுரையின் பயன்.