மார்ட்டின் வான் ஹீம்ஸ்கெர்க்

மார்ட்டின் வான் ஹீம்ஸ்கெர்க் (1498 – அக்டோபர் 1, 1574) என்பவர் இன்றைய நெதர்லாந்தைச் சேர்ந்த ஓவியர் ஆவார். 1530களில் இவர் ரோம் நகரில் வரைந்த பண்டைய இடிபாடுகளின் படங்கள், பின்னர் அழிந்துபோன கட்டிடங்களை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.

இளமை

ஹீம்ஸ்கெர்க் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டார். ஹார்லெம் நகரில், இத்தாலி சென்று திரும்பிய ஓவியர் யான் வான் ஸ்கோரெலிடம் இத்தாலியப் பாணியைக் கற்றார்.

ரோமில்

1532 ஆம் ஆண்டு ரோம் சென்று சில ஆண்டுகள் தங்கினார். கொலோசியம், பலட்டைன் குன்று முதலிய இடங்களையும், செல்வர் மாளிகைகளின் முற்றங்களில் இருந்த உடைந்த சிலைகளையும் நேரில் கண்டு, பேனாவாலும் மையாலும் வரைந்தார். ஊர் திரும்பிய பின்னர் தம் ஓவியங்களில் இவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்.

படங்களின் முக்கியத்துவம்

பலட்டைன் குன்றின் அடிவாரத்தில், பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் 203 ஆம் ஆண்டில் எழுப்பிய செப்டிசோடியம் என்னும் தூண் வரிசைக் கட்டிடத்தின் ஒரு பகுதி அப்போது எஞ்சியிருந்தது. அதனை இவர் வரைந்துள்ளார். 1588-89ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்டஸ் அதனை இடித்து, கற்களை வேறு கட்டிடங்களுக்குப் பயன்படுத்தினார். இன்று அக்கட்டிடத்தின் தோற்றத்தை இவருடைய படங்கள் போன்றவற்றைக் கொண்டே அறிகிறோம். பழைய புனித பேதுரு பேராலயத்தின் எஞ்சிய பகுதியும், 1506ல் தொடங்கிய புதிய பேராலயத்தின் பெருந்தூண்களும் ஒருங்கே நின்ற நிலையையும் இவர் பதிவு செய்துள்ளார்.

எனினும் இவருடைய எல்லாப் படைப்புகளும் சான்றாகா. வண்ண ஓவியங்கள் பலவற்றில் உண்மை இடிபாடுகளைக் கற்பனைக் காட்சிகளுடன் கலந்துள்ளார். நேரில் கண்டு வரைந்த படங்களையே ஆய்வாளர்கள் பெரிதும் நம்புகின்றனர்.

பிற்காலம்

1553ல் கொலோசியத்தைப் பின்னணியாகக் கொண்டு தம் உருவத்தை வரைந்தார். இது கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ளது. உலக அதிசயங்களைப் பற்றிய இவருடைய வரிசை 1572ல் அச்சுப்படங்களாக வெளியானது. அதில் ஏழு அதிசயங்களுடன் கொலோசியத்தையும் எட்டாவதாகச் சேர்த்தார்.

1566ல் நெதர்லாந்தில் நிகழ்ந்த திருவுருவ அழிப்பிலும், 1572-73ல் ஹார்லெம் முற்றுகையின்போதும் இவருடைய தேவாலய ஓவியங்கள் பல அழிந்தன. பெரும் பீடங்களுக்காகத் தீட்டியவை மறைய, தம் பயன்பாட்டுக்காக வரைந்த சிறு தாள்கள் எஞ்சின.

தொகுப்பு

இப்படங்கள் பெர்லின் அச்சுப்பட அருங்காட்சியகத்தில் இரு தொகுதிகளில் உள்ளன. அவற்றில் பிறர் வரைந்த தாள்களும் சேர்ந்துள்ளன. ஒரு தொகுதி 17 ஆம் நூற்றாண்டில் ஓவியர் பீட்டர் சான்ரெடாமிடம் இருந்தது. அவர் அதிலுள்ள படங்களைக் கொண்டு ரோம் நகரக் காட்சிகளைத் தீட்டினார்.