உண்ணி காட்டிய உண்மை

கல்லாதவர் சொல்லைக் கேளாமலே தள்ளிவிடும் வழக்கம் ஆய்வுக்கூடம் புகுந்த நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. அவ்வழக்கத்திற்கு நல்ல மருந்து தியொபால்டு ஸ்மித் என்னும் அறிஞரின் வாழ்க்கை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் 1859-ஆம் ஆண்டு பிறந்தார் அவர். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறிய தையற்காரர். 1883-இல் மருத்துவப் பட்டம் பெற்றும், ஸ்மித் நாடி பார்க்கப் போகவில்லை. வாஷிங்டனில் அரசின் கால்நடைத் துறையில் சேர்ந்து நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

அந்நாளில் இறைச்சிக்காக வளர்த்த மாடுகளை டெக்ஸாஸிலிருந்து மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிச் செல்வர். தென்பகுதி மாடுகள் நலமாகவே இருக்கும். அவை நடந்த நிலத்தில் மேய்ந்த வடபகுதி மாடுகளோ, சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, மடியும். காரணம் யாது? மாட்டு உண்ணியே என்றனர் மாடு வளர்ப்போர். கற்றோர் பலர் நகைத்தனர். ஸ்மித் நகைக்கவில்லை, சோதித்துப் பார்த்தார்.

1889-இல் கில்போர்ன் என்னும் கால்நடை மருத்துவரோடு சேர்ந்து நிலங்களை வேலியிட்டுப் பிரித்தார். ஒரு வேலிக்குள் வடபகுதி மாடுகளோடு உண்ணி மொய்த்த தென்பகுதி மாடுகள்; மற்றொன்றில் உண்ணிகளைக் கையால் பொறுக்கி நீக்கிய தென்பகுதி மாடுகள்; வேறொன்றில் தென்பகுதி மாடே இல்லை, புல்லில் தூவிய உண்ணிகள் மட்டுமே. உண்ணி இருந்த வேலிக்குள் நோய் வந்தது. இல்லாத வேலிக்குள் வரவில்லை!

நோயுற்ற மாட்டின் குருதிச் சிவப்பணுக்களுள் ஓர் ஒட்டுண்ணி இருப்பதையும் ஸ்மித் கண்டார். குருதி குடித்த தாய் உண்ணி நிலத்தில் வீழ்ந்து, முட்டையிட்டு இறக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சே அடுத்த மாட்டிற்கு நோயைக் கொண்டு செல்லும். நோய் வரச் சில வாரங்கள் ஆனதன் மருமம் இதுவே. தென்பகுதி மாடுகளோ கன்றுப் பருவத்திலேயே நோய் கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றவை.

1893-இல் இம்முடிவுகள் நூலாக வெளிவந்தன. நான்காண்டு கழித்து, 1897-இல், நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். பூச்சியையும் உண்ணியையும் ஐயுறும் துணிவை அறிவுலகம் பெற்ற காலம் அது.

பகைவன் யார் எனத் தெரிந்ததும் போர் எளிதாயிற்று. மாடுகளை மருந்து நீர்த் தொட்டியில் இறக்கி நீந்தவிட்டனர். மேய்ச்சல் நிலத்தைச் சில மாதம் வெறுமையாக விட்டு, உண்ணிக் குஞ்சுகளைப் பட்டினியால் மடியச் செய்தனர். அமெரிக்காவில் 1906-இல் தொடங்கிய இவ்வியக்கம் 1943-க்குள் மெக்ஸிகோ எல்லையோரம் நீங்கலாக நாடு முழுவதிலும் அவ்வுண்ணியை ஒழித்தது.

ஸ்மித் பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரானார். மனிதரின் காசநோய்க் கிருமி வேறு, மாட்டினது வேறு என்று 1898-இல் பிரித்துக் காட்டினார். 1934-இல் மறைந்தார். அவர் கண்டறிந்த ஒரு கிருமி இனம் ‘சால்மொனெல்லா’ என்று அவருடைய மேலதிகாரி சால்மனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் சென்றால் மாட்டுக்காரரிடமும் சற்று அமர்ந்து பேசுவோம். அவர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டா, தள்ளவும் வேண்டா, சோதித்துப் பார்ப்போம். ஸ்மித் செய்தது அதுவே.