செயல்வழிக் கல்வி கண்ட ஜான் டூயி

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியச் சில ஆண்டுகளே இருந்தன. சிகாகோ நகரில் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடைகளில் ஒரு பேராசிரியர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். சிறுவர்களுக்கு ஏற்ற மேசை நாற்காலிகள் அவருக்குத் தேவைப்பட்டன. அவை பார்வைக்கு அழகாகவும், உடல்நலத்திற்கு ஊறு செய்யாதவையாகவும், கற்பதற்கு உதவுபவையாகவும் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். எத்தனை கடைகளில் தேடியும் அத்தகையவை கிடைக்கவில்லை. கடைசியில் மற்றவர்களைவிடச் சற்றுக் கூர்மையான ஒரு விற்பனையாளர் உண்மையைப் போட்டு உடைத்தார். பேராசிரியர் கேட்பது பிள்ளைகள் அமர்ந்து வேலை செய்வதற்கான மேசைகள். கடைகளில் இருப்பவையோ அமர்ந்து கேட்பதற்கான மேசைகள். பிறகெப்படிக் கிடைக்கும்?

அந்தப் பேராசிரியர் ஜான் டூயி. பழைய கல்விமுறையின் கதை முழுவதும் அந்த வியாபாரியின் பதிலில் அடங்கியிருப்பதாக அவர் பின்னாளில் தம் சொற்பொழிவொன்றில் எடுத்துக்காட்டினார்.

அக்கால அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். 1892-ஆம் ஆண்டு ஜோசப் ரைஸ் என்ற மருத்துவர் 36 நகரங்களுக்குச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டு, கண்டதைக் கட்டுரைகளாக எழுதினார். பல இடங்களில் பிள்ளைகள் அசையாமல் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தலையைத் திருப்பிப் பார்க்கலாமா என்று நியூயார்க்கில் ஒரு தலைமையாசிரியையிடம் அவர் கேட்டார். ஆசிரியை முன்னால் நிற்கும்போது பின்னால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே பதிலாக வந்தது. அந்த அம்மையார் தீயவர் அல்லர். அவர் அறிந்த கல்வி அவ்வளவுதான்.

டூயி 1859-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்திருந்த ஓர் ஆண்குழந்தை அதே ஆண்டு ஜனவரியில் வீட்டில் நிகழ்ந்த விபத்தில் இறந்துபோனது. அதன் பெயரும் ஜான். துயரம் ஆறாத பெற்றோர் அந்தப் பெயரையே இந்தக் குழந்தைக்கும் சூட்டினர். தந்தை மளிகைக் கடைக்காரர்; தாய் லூசினா ஆழ்ந்த சமயப் பற்றுடையவர், பிள்ளைகளின் மனநிலையை அடிக்கடி கேட்டுச் சோதிப்பவர். பர்லிங்டன் ஏரிக்கரை நகரம். கனடாவிலிருந்து படகுகளில் மரங்கள் வந்து குவியும். சிறுவன் ஜான் வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டான்; மரக்கிடங்குகளில் கணக்கெடுக்கும் வேலையும் செய்தான். சுற்றிலும் இருந்த வீடுகளிலும் பண்ணைகளிலும் பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து உழைத்தே பலவற்றையும் கற்றார்கள். பள்ளி மட்டும் அவனுக்குச் சலிப்பூட்டியது. இந்த முரண்பாட்டை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் 1879-இல் பட்டம் பெற்றபின், பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியரானார். எண்ணெய்க் கிணறுகளால் தழைத்த ஊர் அது. தாம் செய்யும் வழிபாடு உள்ளத்திலிருந்துதான் வருகிறதா என்ற ஐயம் அந்நாள்களில் அவரை வாட்டியது. ஒருநாள் மாலை தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கவலை முழுவதும் திடீரென்று அகன்றது. காட்சியும் இல்லை, குரலும் இல்லை. இருப்பதெல்லாம் இருக்கிறது, அதன்மேல் நாம் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளலாம் என்ற ஓர் அமைதி மட்டுமே. பிற்காலத்தில் திருச்சபையிலிருந்து விலகி, சடங்குகளில் ஈடுபாடற்றவராக வாழ்ந்தபோதும், இந்த அனுபவத்தை அவர் நண்பரிடம் நினைவுகூர்ந்ததுண்டு.

பிறகு அத்தையிடம் கடன் வாங்கி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சென்று, 1884-இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது ஆலிஸ் சிப்மன் என்ற மாணவியைச் சந்தித்தார். 1886-இல் அவர்கள் திருமணம் நடந்தது. தாத்தா பாட்டியிடம் வளர்ந்த ஆலிஸ் துணிவும் தெளிவும் மிக்கவர். ஏட்டுத் தத்துவத்தில் மூழ்கியிருந்த கணவரை மனிதர்களின் அன்றாட வாழ்க்கையின் பக்கம் திருப்பியவர் அவரே எனலாம்.

1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறைத் தலைவர் பதவி கிடைத்தது. குடும்பம் பெருகியிருந்தது. அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. ஐரோப்பியப் பயணத்தின்போது, இத்தாலியின் மிலான் நகரில், மூன்று வயதுகூட நிரம்பாத மகன் மாரிஸ் டிப்தீரியா நோயால் இறந்தான். ஓராண்டு முடிவதற்குள், 1896 ஜனவரியில், டூயி ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்போது மாணவர்கள் 16 பேர், ஆசிரியர்கள் இருவர். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அந்தப் பள்ளி ஆய்வுக்கூடப் பள்ளி எனப் பெயர் பெற்றது. இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் இருப்பதுபோல் கல்வித் தத்துவத்திற்கும் ஒன்று வேண்டும். கருத்து சரியா தவறா என்பதைக் குழந்தைகளோடு வாழ்ந்து பார்த்தே அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதே நகரில் கர்னல் பிரான்சிஸ் பார்க்கர் என்ற முதியவர் ஏற்கெனவே அன்பும் செயலும் நிறைந்த ஒரு பள்ளியை நடத்திவந்தார். டூயியின் மூத்த பிள்ளைகள் இருவர் முதலில் அங்குதான் படித்தனர். முற்போக்குக் கல்வியின் தந்தை என்ற பட்டத்தை டூயி தமக்கு வைத்துக்கொள்ளவில்லை, பார்க்கருக்கே அளித்தார்.

ஆய்வுக்கூடப் பள்ளியில் நடந்தது என்ன? ஒரு நாள் பிள்ளைகளின் கையில் செடியிலிருந்து பறித்த பருத்திக் காய்களையும், ஆட்டின் உடலிலிருந்து கத்தரித்த கம்பளி மயிரையும் கொடுத்தார்கள். பருத்தியிலிருந்து கொட்டையைக் கையால் நீக்கும்படி சொன்னார்கள். ஒரு குழு அரைமணி நேரம் விடாமல் உழைத்தது. கிடைத்த பஞ்சு ஓர் அவுன்ஸ்கூடத் தேறவில்லை. ஒரு மனிதன் நாள் முழுவதும் கையால் நீக்கினால் ஒரு பவுண்டு பஞ்சுதான் சேரும் என்பதை அவர்கள் இப்போது நம்பினார்கள். முன்னோர்கள் பருத்தி ஆடையை விட்டுக் கம்பளியை உடுத்திய காரணமும் விளங்கியது. இரண்டு இழைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பருத்தி இழை குட்டையானது, வழவழப்பானது. கம்பளி இழை நீளமானது, சொரசொரப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்வது. எனவே அதை நூற்பது எளிது. அங்கிருந்து கதிர், கைராட்டை, தறி, பருத்தியின் கொட்டை நீக்கும் இயந்திரம், நூலாலை என்று படிப்படியாகச் சென்றார்கள். மனிதகுல வரலாறும், புவியியலும், இயந்திரவியலும் அந்தப் பஞ்சிலிருந்தே பிரிந்து வந்தன. நூற்பும் நெசவும் வீட்டோடு கலந்திருந்த நம் நாட்டில் இதன் அருமை எளிதில் புரியும்.

சமையலறையும் அங்கே வகுப்பறைதான். காய்கறிகளை வேகவைத்துப் பழகிய பிள்ளைகள் அடுத்து முட்டைக்கு வந்தார்கள். உடனே வேகவைக்கவில்லை. நீரை வெவ்வேறு சூட்டில் வைத்து, ஒவ்வொரு சூட்டிலும் முட்டையின் வெண்கரு என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை பொறுமை இழந்து, இவ்வளவு தொல்லை எதற்கு, சமையல் புத்தகத்தில் உள்ளபடி செய்துவிடலாமே என்றது. ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள குறிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். பேசப் பேச, புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் காரியம் முடியும், காரணம் தெரியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். மற்றொரு சமயம் ஆதிமனிதன் உலோகம் உருக்கியதை அறியக் களிமண்ணால் உலை கட்டினார்கள். உலையின் வாயும் புகைபோக்கும் துளையும் பொருந்தாததால் தீ சரியாக எரியவில்லை. அந்தத் தோல்விதான் காற்றோட்டத்தையும் எரிதலையும் பற்றிய பாடத்திற்கு வாயிலாயிற்று.

இந்த நிகழ்ச்சிகளை டூயி 1899-இல் பெற்றோர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவுகளில் விவரித்தார். அவை நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. கைவேலையால் பிள்ளைகள் தச்சராகவோ சமையற்காரராகவோ ஆக வேண்டும் என்று அவர் கருதவில்லை. கை ஒரு பொருளில் முட்டி நிற்கும் இடத்தில் அறிவு விழித்துக்கொள்கிறது. விழித்த அறிவுக்கு வேண்டியதை அந்த நேரத்தில் தருபவரே ஆசிரியர். ஆகவே இம்முறையில் ஆசிரியரின் சுமை குறைவதில்லை, பலமடங்கு கூடுகிறது. பின்னால் வந்தவர்களில் பலர் கோட்டைவிட்டது இந்த இடத்தைத்தான்.

வீட்டில் டூயி எப்படி இருந்தார் என்பதற்கு நண்பர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர் எழுதிக்கொண்டிருந்த அறையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாடிக்கு ஓடினால், சிறுவயது மகன் குளியல் தொட்டி வழிந்தோடத் தன் படகுகளை மிதக்கவிட்டு, அவற்றைக் காப்பாற்றும் பணியில் முனைந்திருந்தான். தந்தை வாயைத் திறக்குமுன், வாதம் வேண்டாம், துடைப்பதற்குத் துணி கொண்டுவாருங்கள் என்று கட்டளையிட்டானாம். செயல்வழிக் கல்வியின் முதல் மாணவன் தந்தைதான் போலும்!

பள்ளி வளர்ந்து, 140 மாணவர்களும் 23 ஆசிரியர்களும் கொண்டதாயிற்று. ஆலிஸ் அதன் தலைமையாசிரியை ஆனார். அதுவே முடிவுக்கும் காரணமாயிற்று. 1902-இல் பார்க்கர் காலமானபின் அவரது பள்ளியும் டூயியின் பள்ளியும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பார்க்கரின் ஆசிரியர்கள் புதிய தலைமையை விரும்பவில்லை. ஆலிஸின் பதவி ஓராண்டுக்கு மட்டுமே என்று பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பர் எண்ணியிருந்தார். டூயி தம்பதியருக்கோ அப்படி ஓர் எண்ணமே இல்லை. 1904-இல் இருவரும் விலகினர். எட்டாண்டுகள் கண்ணின் மணிபோல் காத்த பள்ளி கைநழுவியது. டூயியின் பிடிவாதமும் இதில் ஓரளவு உண்டு என்றே தோன்றுகிறது.

மனம் ஆறுவதற்காகக் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் எட்டு வயது மகன் கார்டன் டைபாய்டு காய்ச்சல் கண்டு அயர்லாந்தில் இறந்தான். குழந்தைகளுக்காகவே பள்ளி நடத்தியவர் பள்ளியையும் குழந்தையையும் ஒரே ஆண்டில் இழந்தார். ஆலிஸ் அந்தத் துயரத்திலிருந்து முழுமையாக மீளவேயில்லை. ஆயினும் அவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. இத்தாலியில் சபினோ என்ற சிறுவனைக் கண்டு, அவனைத் தம் மகனாக ஏற்று அழைத்துவந்தார்கள்.

அடுத்த வாழ்க்கை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். தமக்கென்று ஒரு பள்ளியை டூயி மீண்டும் நடத்தவில்லை. ஆனால் அவர் எண்ணங்கள் பள்ளிகளைத் தேடிச் சென்றன. 1915-இல் மகள் எவிலினுடன் சேர்ந்து, புதிய முறையில் நடந்துவந்த பள்ளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1916-இல் ஜனநாயகத்தையும் கல்வியையும் இணைத்து எழுதிய பெருநூல் வெளிவந்தது. 1919 முதல் ஈராண்டுக்கு மேல் சீனாவில் தங்கிச் சொற்பொழிவாற்றினார். லாங் ஐலண்டில் ஒரு பண்ணை வாங்கி, முட்டையும் காய்கறியும் விளைத்து அண்டை வீடுகளுக்கு விற்றார். முட்டைக்காரர் என்று எண்ணியிருந்தவரே புகழ்பெற்ற பேராசிரியர் என்பதை அறிந்து ஒரு சீமாட்டி திகைத்ததாகச் சொல்வார்கள்.

இக்காலத்தில் அவர் இருமுனைகளில் போராட நேர்ந்தது. தொழிலாளர் பிள்ளைகளுக்கு இளமையிலேயே தனித் தொழிற்பள்ளி, மற்றவர்களுக்கு அறிவுக்கல்வி என்று பிரித்துவிட வேண்டும் என ஒரு சாரார் கூறினர். இல்லினாய் மாநிலத்தில் அதற்கெனச் சட்டமே கொண்டுவர முயன்றனர். டூயி கடுமையாக எதிர்த்தார். கையை ஒரு கூட்டத்துக்கும் மூளையை மற்றொரு கூட்டத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தால், பிறப்பே மனிதனின் நிலையைத் தீர்மானித்துவிடும் என்பது அவர் அச்சம்.

1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் பயின்ற ஓர் இந்திய மாணவர் இந்தக் கருத்தை உள்வாங்கிக்கொண்டார். அவர் பீம்ராவ் அம்பேத்கர். 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிட்டார்.

மற்றொரு முனையில் எதிரே நின்றவர்கள் டூயியின் பெயரைச் சொன்னவர்களே. 1919-இல் முற்போக்குக் கல்விச் சங்கம் தோன்றியது. தொடக்கத்தில் அதில் சேரத் தயங்கிய டூயி, பின்னர் அதன் கௌரவத் தலைவர் பதவியை ஏற்றார். சில பள்ளிகளில், குழந்தை விரும்பியதைச் செய்யட்டும், ஆசிரியர் வாய் திறக்கலாகாது என்பதே கொள்கையாகிவிட்டது. களிமண்ணும் வண்ணமும் மரத்துண்டும் இருந்தன. அவற்றிலிருந்து பாடம் எதுவும் புறப்படவில்லை. 1928-இல் அந்தச் சங்கத்தின் மேடையிலேயே நின்று டூயி எச்சரித்தார். 1938-இல், 78 வயதில், அனுபவத்தையும் கல்வியையும் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். எல்லா அனுபவமும் கல்வியாகாது. சில அனுபவங்கள் வளர்ச்சியைத் தடுக்கும். பழைய பள்ளியை வெறுப்பது மட்டும் புதிய பள்ளியாகிவிடாது. முதிர்ந்த ஆசிரியர் தம் அறிவைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைப்பது சுதந்திரமன்று, கடமை தவறுதல். தம்மைப் போற்றியவர்களிடம் இதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. பருத்திக்கொட்டையோடு போராடிய பிள்ளைகளின் அருகில், அடுத்து என்ன கேட்பது என்று முன்னரே சிந்தித்து வந்திருந்த ஓர் ஆசிரியை நின்றதை அவர் அறிவார் அல்லவா?

ஆலிஸ் 1927-இல் மறைந்தார். 1946-இல், 87 வயதில், டூயி ராபர்ட்டா என்ற அம்மையாரை மணந்தார். இருவரும் பெற்றோரை இழந்த இரு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அந்த முதிய வயதிலும் அவர் வீட்டில் குழந்தைகளின் ஆரவாரம் கேட்டது.

1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொலம்பியா பல்கலைக்கழகம் டாக்டர் அம்பேத்கருக்குக் கௌரவப் பட்டம் வழங்க ஏற்பாடு செய்திருந்தது. தம் ஆசிரியரை மீண்டும் காணலாம் என்ற ஆவலோடு அவர் இந்தியாவிலிருந்து புறப்பட்டார். ஜூன் 1-ஆம் நாள், 92-ஆம் வயதில், ஜான் டூயி நியூயார்க்கில் தம் இல்லத்தில் காலமானார். அம்பேத்கருக்குப் பட்டம் வழங்கப்பட்டது ஜூன் 5-ஆம் நாள்.