தோட்டத்து வீட்டுக் கழிப்பறையும் காந்தியும்



கோம்பையில் தெருவை விட்டுத் தள்ளி, தென்னந்தோப்புக்குள் வீடு கட்டிக் குடியிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் செப்டிக் டேங்க் நிரம்பும்போது என்ன செய்வது என்ற கவலை உங்களுக்கும் இருக்கும். சாக்கடை வசதி எட்டாத பண்ணையில் குடியிருந்து, இந்தக் கவலைக்குத் தாமே வழி கண்ட ஒருவர் மகாத்மா காந்தி. அவரை இந்த இதழில் நினைவுகூர்வோம்.

காந்தி 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்தார். லண்டனில் சட்டம் படித்து, 1893-இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். 1896-இல் ஊர் திரும்பியிருந்தபோது பம்பாயில் பிளேக் பரவியது. ராஜ்கோட்டில் துப்புரவுக் குழுவில் சேர்ந்து வீடு வீடாகக் கழிப்பறைகளைப் பார்வையிட்டார். ஏழைகள் தடை சொல்லவில்லை. பணக்காரர்களில் சிலர் உள்ளே விடவே மறுத்தார்கள்; அசுத்தம் அதிகம் இருந்ததும் அவர்கள் வீடுகளில்தான்.

அவரும் தவறு செய்தார். டர்பன் வீட்டில், ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த எழுத்தர் ஒருவரின் மலச்சட்டியை முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும் என்று கஸ்தூரிபாவைக் கட்டாயப்படுத்தி, வெளியே தள்ளவும் போனார். பின்னாளில் அதை வெட்கத்தோடு எழுதி வைத்தார். 1901 கல்கத்தா காங்கிரஸில் தொண்டர்கள் கழிப்பறையைத் தொட மறுத்தபோது, அவரே துடைப்பம் எடுத்தார்.

1910-இல் நண்பர் ஹெர்மன் காலன்பாக், ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தைத் தந்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, தமிழர்களும் பலர். வீட்டருகே ஒன்றரை அடி ஆழத்தில் சதுரக் குழி வெட்டி, மலத்தைப் போட்டு, தோண்டிய மண்ணாலேயே முழுதும் மூடினார்கள். நாற்றமில்லை, ஈயில்லை, பண்ணைக்கு எருவும் கிடைத்தது. கழிவுநீர் வாளிகளில் சேர்ந்து மரங்களுக்குப் போனது.

1915-இல் இந்தியா திரும்பிய பின் ஆசிரமங்களிலும் இதே ஒழுங்குதான்: கழிப்பறை வேலை எல்லோருக்கும் பொது. 1948 ஜனவரி 30 அன்று சுட்டுக் கொல்லப்படும் வரை இந்தக் கொள்கையை அவர் விடவில்லை.

இன்று உங்கள் தோட்டத்தில் இருப்பது குழியல்ல, தொட்டி. அதன் கசடை அப்படியே மண்ணில் புதைக்கவோ தென்னைக்குப் பாய்ச்சவோ கூடாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுங்கள். லாரி வந்து திரும்பப் பாதையும், குழாய் எட்டும் இடத்தில் மூடியும் இருக்கட்டும். எடுத்த கசடு ஓடையில் கொட்டப்படாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

நம் வீட்டுக் கழிவுக்கு நாமே பொறுப்பு. காந்தி தம் பண்ணையில் செய்து காட்டியது அதைத்தான்.