சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த, உலகப் புகழ் பெற்ற கணிதவியலர் ஆவார். இவர் பெயரைக் கேட்டதும் பலருக்கும் 1729 என்ற எண்ணே நினைவுக்கு வரும். ஆனால் இவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றுத் தந்தது, அதைவிடப் பன்மடங்கு பெரிய எண்கள் வரை சென்ற வேறோர் ஆய்வாகும்.

இளமை

தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கர்; தாயார் கோமளத்தம்மாள். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த இராமானுசன், கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்ததால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகியை மணந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஹார்டிக்கு இவர் எழுதிய கடிதம் திருப்புமுனையாக அமைந்தது. 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

மிகு பகுஎண்கள்

தன்னிலும் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதலான வகுஎண்களைக் கொண்ட எண் மிகு பகுஎண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உண்டு. அதற்குக் கீழுள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. இத்தகைய எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரித்தால் இடையில் எந்தப் பகாஎண்ணும் விடுபடாது என்றும், அடுக்குகள் ஏறாமல் இறங்கியே வரும் என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்றும் இராமானுசன் நிறுவினார்.

1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த இவரது நீண்ட கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகுஎண்களின் பட்டியல் உள்ளது. அதன் இறுதி எண் 6746328388800. அதாவது ஏறத்தாழ 6.75 இலட்சம் கோடி. இதன் காரணிகள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080 வகுஎண்கள் கிடைக்கும்.

இன்று ஒரு சிறு கணினி நிரல் இப்பட்டியலை நொடிப்பொழுதில் தந்துவிடும். இராமானுசன் கையால் கணித்த பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டது: 293318625600. வியப்பு என்னவெனில், விடுபட்ட இவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வருகிறது. 23 புதிய பகாக்காரணி ஆதலால் வகுஎண்களும் 5040இலிருந்து 10080 ஆக இரட்டிக்கின்றன.

பிற்காலம்

கல்லூரித் தேர்வில் தேறாத இராமானுசனுக்கு 1916 மார்ச்சில் இவ்வாய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இளங்கலைப் பட்டம் வழங்கியது. 1917இல் நோயுற்றார். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் தமது 32ஆம் வயதில் காலமானார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்ததால் 1915ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. 1988இல் அதன் கையெழுத்துப்படி நிழற்படிவமாக வெளிவந்தது. பிரெஞ்சுக் கணிதவியலர்கள் நிக்கோலாவும் ரோபானும் குறிப்புரை எழுதி 1997இல் 'இராமானுசன் ஜர்னல்' இதழில் அதைப் பதிப்பித்தனர்.