ஜிம் கார்பெட்டின் லேசான துப்பாக்கி

மூணாறு தேயிலைக் காட்டில் கூடை சுமக்கிறவர்களுக்கும், பாலக்காடு ஜங்ஷனில் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். அடிவாரத்தில் பத்து ராத்தலாக இருக்கும் சுமை, மேடு ஏற ஏற இருபது ராத்தலாகிவிடும். தராசு இதை ஒப்புக்கொள்ளாது. தோள் ஒப்புக்கொள்ளும்.

வடக்கே குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த ஜிம் கார்பெட்டும் இந்தக் கணக்கை அறிந்தவர்தான். அவரைப் புலி வேட்டைக்காரர் என்று உலகமே அறியும். ஆனால் அவர் ரயில்வேயில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் போஸ்ட் மாஸ்டர். கார்பெட்டுக்கு ஆறு வயது முடிவதற்குள் தகப்பனார் காலமானார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் அடிவாரத்துக் காலாதுங்கி என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். காலாதுங்கியில் வீட்டு வாசலைத் தாண்டினால் காடு.

எட்டு வயதில் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி ஒரு பழைய இரட்டைக் குழல். வாய் வழியாக மருந்து இடிக்கும் வகை. அதிலும் ஒரு குழல் வெடித்துப் பிளந்து போனது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கிராமத்தில் கிழவர் ஒருவர் வைத்திருந்தால்கூட வெட்கப்படுவார். சிறுவன் கார்பெட்டோ அதைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் திரிந்தார். பத்து வயதில் பள்ளிப் பட்டாளத்தின் மார்ட்டினி ரைபிள் இரவலாகக் கைக்கு வந்தது. சுட்டால் தோளைப் பதம் பார்க்கும் கனத்த ரைபிள் அது. அதைக் கொண்டுதான் அவர் முதல் சிறுத்தையைச் சுட்டார்.

பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார். பெங்கால் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலை. பிறகு பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் டிரான்ஷிப்மெண்ட் காண்டிராக்ட் கிடைத்தது. தென்கரையில் பிராட் கேஜ், வடகரையில் மீட்டர் கேஜ். ஒரு வண்டியின் சரக்கை இன்னொரு வண்டிக்கு மாற்ற வேண்டும், படகிலே கங்கையைக் கடத்த வேண்டும். பொள்ளாச்சிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் சரக்கு அங்கே கை மாறியது. கிரேன் கிடையாது. எல்லாம் ஆள் தலையில்தான். தொடக்கத்தில் கார்பெட்டும் கூலிகளோடு நின்று சுமை தூக்கினார். ஒரு சமயம் மாதக்கணக்கில் கம்பெனிப் பணம் வரவில்லை. கூலிகள் ஒரு வேளைச் சாப்பாட்டில் காலம் தள்ளினார்கள். கார்பெட்டும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். வேலை நிற்கவில்லை. பிற்காலத்தில் லாபத்தின் பெரும்பகுதியை அந்தத் தொழிலாளிகளுக்கே பங்கிட்டுக் கொடுத்தார். வேட்டையெல்லாம் லீவில் ஊருக்கு வந்த நாட்களில்தான்.

1907-ல் அப்படி ஊர் வந்தபோது சம்பாவத் புலியைக் கொல்ல அழைப்பு வந்தது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக அந்தப் பெண்புலி 436 பேரைக் கொன்றிருந்ததாக அரசாங்கக் கணக்கு. தாசில்தார் ஊர் ஊராக ஆள் திரட்டினார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்களும் கொண்டு வரலாம், கண்டுகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 298 பேர் வந்தார்கள். தாசில்தார் என்றால் அப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார்!

அன்று கார்பெட் கையில் இருந்தது அரை அங்குலக் குழல் கொண்ட இரட்டைக் குழல் ரைபிள். அந்த வகைகள் கனத்தவை. அதற்கு அவர் கொண்டுபோன தோட்டா மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி எதிரே நிற்கிறது. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியைப் பிடுங்கி வந்து, கிட்டப் போய்ச் சுட்டுத்தான் கதையை முடித்தார்.

இதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹ்யூவெட் ஒரு ரைபிளைக் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்தது. உள்ளே ஜெர்மானிய மாசர் இயந்திரம், ஐந்து தோட்டா பிடிக்கும் பெட்டி, ஒற்றைக் குழல். குழலின் வாய் கால் அங்குலத்துக்குச் சற்றே அதிகம்.

ரைபிளின் கனத்தைக் குறைக்க வழிகள் உண்டு. குழலை மெலிதாக்கலாம், நீளத்தை வெட்டலாம், கட்டையைச் செதுக்கிக் குடையலாம். ஆனால் பெரிய தோட்டாவை அப்படியே வைத்துக்கொண்டு கனத்தை மட்டும் குறைத்தால் அது சுடுகிறவனைத்தான் முதலில் உதைக்கும். கனம்தான் உதையை வாங்கிக்கொள்கிறது. ஆகவே தோட்டாவையே சிறிதாக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்தும், உலோக உறை போட்ட குண்டும் வந்த பிறகு இது சாத்தியமாயிற்று. சிறிய குண்டு மிகுந்த வேகத்தோடு போய் ஆழமாகப் பாய்ந்தது. இரட்டைக் குழலை ஒற்றையாக்கி, குழலையும் மெலிதாக்க இடம் கிடைத்தது. கார்பெட்டின் ரைபிள் இந்த மாறுதலில் பிறந்த பிள்ளை.

இதே அளவுத் தோட்டாவைக் கொண்டு ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார். யானையின் மூளை எங்கே இருக்கிறது என்று அங்குலக் கணக்கில் அறிந்தவர் அவர். அறியாதவன் கையில் அது கொடுத்தால் காயம்பட்ட யானைதான் மிஞ்சும். நம் பக்கத்தில் துப்பாக்கிக் காலமே போய்விட்டது. 2023 ஜனவரியில் தோணியில் பி.டி.7, ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன், இரண்டும் மயக்க ஊசியில்தான் பிடிபட்டன.

கார்பெட்டிடம் கனத்த இரட்டைக் குழலும் இருந்தது. இருந்தும் அவருடைய முறைக்கு லேசான ரைபிளே பொருத்தம். மகாராஜாக்கள் போல யானை மேல் அமர்ந்து வேட்டையாடியவர் அல்லர். ஆட்கொல்லியைப் பெரும்பாலும் தனியாக, கால்நடையாகத் தேடினார். நாள் முழுவதும் மலை ஏறி இறங்கிய பிறகு, சுட வேண்டிய நேரம் ஒரு விநாடியாக வரும். அப்போது கை சோர்ந்திருந்தால் என்ன துப்பாக்கி இருந்து என்ன?

அந்த விநாடி 1930 ஏப்ரல் 11 அன்று காலா அகார் காட்டில் வந்தது. சௌகட் பகுதியில் 64 பேரைக் கொன்ற பெண்புலியைத் தேடிக் கார்பெட் ஒரு ஓடைக்குள் இறங்கினார். வழியில் ஒரு பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டு கண்ணில் பட்டன. வடிவம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. பறவை முட்டை சேர்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. பாசியை இடது உள்ளங்கையில் பரப்பி முட்டைகளை அதில் வைத்துக்கொண்டார். வலது கையில் ரிக்பி ரைபிள்.

சிலேட்டுப் பலகை போல நிமிர்ந்து நின்ற பெரும் பாறையைச் சுற்றி வந்து, வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டடி தூரத்தில் புலி! பாய்வதற்குத் தயாராகப் படுத்திருந்தது. ரைபிளின் வாயோ வேறு பக்கம் நோக்கி இருந்தது. சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். கார்பெட் வலது கை ஒன்றாலேயே ரைபிளை மார்புக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாகத் திருப்பினார். முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். கை நீண்டு, கனம் இழுத்து, திருப்பி முடிவதற்குள் ஒரு யுகமே போனது போலிருந்தது. புலி அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தது. குழல் நேரானதும் வெடித்தது. புலி இருந்த இடத்திலேயே அடங்கியது.

பின்னால் அந்த விநாடியை எண்ணிப் பார்த்தபோது, தம்மைக் காத்த காரணங்களில் கையிலிருந்த முட்டைகளையும் ரைபிளின் லேசான கனத்தையும் கார்பெட் சேர்த்துக்கொண்டார். முட்டை இல்லாவிட்டால் இரு கையாலும் வேகமாகத் திரும்பியிருப்பார், புலி பாய்ந்திருக்கும். கனத்த ரைபிளாக இருந்தால் ஒரு கையால் திருப்பியிருக்கவே முடியாது. புலியின் பல்லும் நகமும் தேய்ந்து உடைந்திருந்தன. அதுதான் அது மனிதரைத் தேடிய காரணம். கார்பெட் முட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அரை மணி கழித்துப் பார்த்தால் தாய்ப் பறவை அவற்றின் மேல் அமர்ந்திருந்தது.

பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் காமிராவையே அதிகம் தூக்கினார். புலிகள் குறைவதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவர் புத்தகம் 1944-ல் வந்தது. 1947 நவம்பரில் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19 அன்று நியேரி என்ற ஊரில் காலமானார். 1936-ல் ஹெய்லி பெயரில் தொடங்கிய தேசியப் பூங்காவுக்கு 1957-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த ரைபிள் அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தாரிடம் நெடுநாள் இருந்தது. 2015-ல் ரிக்பி கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்து காட்டினார்கள். கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் சம்பாவத் என்ற பெயரும் 1907 என்ற ஆண்டும் உள்ளன.